எஞ்சின் மாறிய பேருந்துகள்: ‘அசல்’ என்ற சொல்லைப் பற்றிச் சில குறிப்புகள்

2021 ஜூலையில் ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தது. முதற்பதிவு முடிந்து 50 ஆண்டுகள் கடந்த வாகனங்களைப் பழம்பெருமை வாகனங்களாகத் தனியே பதிவு செய்துகொள்ளலாம். அவற்றின் எண் பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் இடம்பெறும். இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. வாகனம் சொந்தப் பயன்பாட்டுக்கான இருசக்கர வண்டியாகவோ நான்கு சக்கரக் காராகவோ இருக்க வேண்டும். அதன் அடிச்சட்டத்திலும் மேற்கூட்டிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும்.

முதல் நிபந்தனையிலேயே பேருந்து வெளியேறிவிடுகிறது. மகாராஜாவின் கார் பழம்பெருமைக்கு உரியது. அந்தச் சமஸ்தானத்துக் குடிமக்களைச் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் ஏற்றிச் சென்ற பேருந்து உரியதன்று. இதைப் பற்றி வருத்தப்பட நிறைய இருக்கிறது என்றாலும், இக்கட்டுரை இரண்டாவது நிபந்தனையைப் பற்றியது. நாளையே விதியைத் திருத்திப் பேருந்துகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இந்நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய பேருந்துகளில் எத்தனை தேறும்? மிகச் சிலவே தேறும் என்பது என் கணிப்பு. பிறந்தபோது இருந்த எஞ்சினோடு ஐம்பது ஆண்டு வாழ்ந்த பேருந்து இந்தியச் சாலைகளில் விதிவிலக்கு. எஞ்சினை இறக்கி வேறொன்றை ஏற்றியதால்தான் பழைய பேருந்துகள் பழையனவாகும் அளவுக்கு உயிர் வாழ்ந்தன. எஞ்சின் மாற்றத்தைக் குறையாகப் பதிவு செய்யும் விதி, பேருந்தின் வரலாற்றையே குறையாகப் பதிவு செய்கிறது.

தொடக்கத்திலிருந்தே பார்க்கலாம். 1920களிலும் 30களிலும் இந்தியாவில் ஓடிய பேருந்துகளில் கணிசமானவை ஷெவர்லே, ஃபோர்டு, டாட்ஜ், ஃபார்கோ போன்ற அமெரிக்க அடிச்சட்டங்களின்மேல் எழுந்தவை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் பொருத்தும் ஆலை ஒன்றைத் திறந்தது. அங்கிருந்து வெளிவந்தது பேருந்து அன்று; சக்கரங்களும் எஞ்சினும் திசைமாற்றியும் கொண்ட வெறும் அடிச்சட்டம். வாங்கியவர் அதை ஊருக்கு ஓட்டிச் சென்று, தச்சரிடம் விட்டு, மரச்சட்டமும் தகடும் கொண்டு கூடு கட்டுவித்தார். ‘பாடி கட்டுதல்’ என்று தமிழில் நாம் இன்றும் சொல்கிறோம். கரூரில் அது பெருந்தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. வீடு கட்டுவதற்கும் கூடு கட்டுவதற்கும் உரிய வினைச்சொல்லை ஒரு வாகனத்துக்குப் பயன்படுத்தும்போது, அது தொழிற்சாலையில் முழுமையாகப் பிறந்து வருவதில்லை என்பதை மொழி ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆக, இந்தியப் பேருந்து முதல் நாளிலேயே ஒட்டுச்செடி. எந்தப் பகுதியை அதன் ‘அசல்’ என்று சுட்டுவது?

இரண்டாம் உலகப்போர் அந்த எஞ்சின்களை வாட்டியது. பெட்ரோல் பங்கீட்டுக்கு உட்பட்டபோது பேருந்துகளின் பின்புறத்தில் கரிவாயுக் கலன்கள் முளைத்தன. உருளை வடிவக் கலனில் மரக்கரியைப் போதாத காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு மிகுந்த வாயு கிடைக்கும். அதைக் குளிர்வித்து, வடிகட்டி, எஞ்சினுக்குள் செலுத்தினார்கள். தமிழ்நாட்டு முதியவர்களின் நினைவில் ‘கரி பஸ்’ என்று தங்கியிருப்பது இதுதான். புறப்படுவதற்கு வெகுநேரம் முன்பே நடத்துநர் கைச்சுழலியால் காற்றடித்துக் கனலை மூட்ட வேண்டும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். அந்தக் கதைகள் நகைச்சுவையாகச் சொல்லப்படுகின்றன. எஞ்சினுக்கு அது நகைச்சுவையாக இல்லை. வடிகட்டியைத் தாண்டி வந்த சாம்பல் துகள்கள் சிலிண்டரின் சுவரை அரைத்தன. போர் முடிந்தபோது பல வண்டிகளின் அடிச்சட்டம் உறுதியாக இருந்தது. எஞ்சின் தேய்ந்து போயிருந்தது.

அந்த நேரத்தில் ஆங்கிலேய நாட்டுப் பீட்டர்பரோ நகரத்து நிறுவனம் ஒன்றின் சரக்கு இந்தியாவுக்கு மிகப் பொருத்தமாக அமைந்தது. ஃபிராங்க் பெர்கின்ஸும் சார்லஸ் சாப்மனும் 1932இல் தொடங்கிய பெர்கின்ஸ் நிறுவனம் வாகனங்களைச் செய்யவில்லை. எஞ்சின்களை மட்டுமே செய்தது. வேறொருவர் செய்த வண்டியில், வேறொருவர் செய்த பெட்ரோல் எஞ்சின் இருந்த குழியில், தன் டீசல் எஞ்சினை இறக்கி வைப்பதே அதன் வணிகத்தின் அடிப்படை. 1937இல் அறிமுகமான பி6 என்னும் ஆறு சிலிண்டர் எஞ்சின் 4.73 லிட்டர் கொள்ளளவு உடையது. அக்காலத்துப் பேருந்து டீசல் எஞ்சின்கள் பல எட்டு, ஒன்பது லிட்டர் கொண்ட பெரும்பாறைகள். பி6 அவற்றைவிடச் சிறியது, விரைந்து சுழல்வது, நடுத்தர லாரியின் முகப்புக்குள் அடங்குவது. ஐம்பதுகளில் இதைச் சென்னையிலேயே சிம்ப்சன் நிறுவனம் தயாரிக்கத் தொடங்கியது. 1840இல் குதிரை வண்டிகளுக்காகத் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தை எஞ்சின் ஆலையாக்கியதில் எஸ். அனந்தராமகிருஷ்ணனின் பங்கு பெரிது.

எஞ்சின் மாற்றத்தை விரைவுபடுத்தியதில் அரசின் கொள்கைக்கும் இடமுண்டு. 1953இல் கட்டண ஆணையத்தின் பரிந்துரையை ஏற்ற அரசு, உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் இந்தியாவில் வெறுமனே பொருத்தும் பணியை மட்டும் செய்துகொண்டிருக்க இயலாது என்று முடிவு செய்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. அவர்கள் விற்றுவிட்டுப் போன ஆயிரக்கணக்கான வண்டிகள் இங்கேயே இருந்தன; உதிரிப் பாகங்களின் ஊற்று வற்றத் தொடங்கியது. புதிய டீசல் பேருந்து வாங்க வசதியுள்ளவர்கள் 1954 முதல் டாடா மெர்சிடிஸ் பென்ஸையும் 1955க்குப் பின் லேலண்ட் கோமெட்டையும் வாங்கினார்கள். ஒன்றிரண்டு வண்டிகளும் கடனும் மட்டுமே வைத்திருந்த தனியார் முதலாளிக்கு, பழைய ஷெவர்லேயின் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றுவதே கைக்கு எட்டிய வழி. ஒரு லிட்டருக்கு ஓடும் தூரமும் கூடும், எரிபொருளின் விலையும் குறையும்.

‘இறக்கி ஏற்றுதல்’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டேன். பணிமனையில் அது அவ்வளவு எளிதில் முடிவதில்லை. எஞ்சின் ஒரு தனிப் பொருள் போலத் தோன்றினாலும், வண்டியின் ஏனைய உறுப்புகள் எல்லாவற்றோடும் அதற்கு ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் எல்லா ஒப்பந்தங்களையும் திருத்தி எழுத வேண்டும்.

முதலில் எடை. டீசல் எஞ்சின் காற்றை ஏறத்தாழப் பதினாறு பங்கில் ஒரு பங்காக நெருக்கி, அந்த வெப்பத்திலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது. பழைய பெட்ரோல் எஞ்சின் ஆறேழு பங்கில் ஒன்றாக நெருக்கினாலே போதும். அந்த அழுத்தத்தைத் தாங்க வார்ப்பு தடிமனாக வேண்டும். தடித்தால் எடை கூடும். முன்வில்லுக்குக் கூடுதல் பட்டை சேர்க்க வேண்டும். அடுத்து, எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையிலான திருகுத் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தா. இரண்டின் துளைகளையும் தாங்கும் இடைத்தட்டு ஒன்றைக் கடைந்து செய்ய வேண்டும். அதன் மையம் நூலளவு பிசகினாலும் கிளட்ச் உதறும், கியர் பெட்டியின் தாங்குருளை சில மாதங்களில் ஊளையிடும். பெட்ரோல் எஞ்சினைக் காட்டிலும் டீசல் எஞ்சின் மெதுவாகச் சுழல்வதால், பின் அச்சின் பற்சக்கர விகிதம் பழையதாகவே இருந்தால் வண்டி சமதரையில் வேகமெடுக்காது. அதையும் மாற்ற வேண்டும்.

மின்சாரமும் இதில் வந்து சேரும். அக்கால அமெரிக்க வண்டிகளின் மின்னமைப்பு 6 வோல்ட் கொண்டது. டீசல் எஞ்சினைச் சுழற்றித் தொடங்க அது போதாது. 12 வோல்ட் வேண்டும். 12 வோல்ட் வந்தால் முன்விளக்கு, பின்விளக்கு, ஒலிப்பான், மின்னாக்கி எல்லாமே மாற வேண்டும். எஞ்சினை மாற்றியதால் உள்விளக்கின் குமிழ்வரை மாறுகிறது என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். மிகவும் ஆபத்தானது வேறொன்று: நிறுத்தி. பெட்ரோல் எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும்போது உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டே நடுத்தர வண்டிகளின் நிறுத்திகளுக்குத் துணைவலு கிடைத்தது. டீசல் எஞ்சின் அத்தகைய வெற்றிடத்தைப் போதிய அளவில் தருவதில்லை. ஆகவே, வெற்றிடம் உண்டாக்கவே தனியொரு பம்பை எஞ்சினோடு இணைக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் வண்டி முன்னைவிட நன்றாக ஓடும், நிற்காது.

ஓட்டுநரின் உடலும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. சாவியைத் திருப்பினால் பெட்ரோல் எஞ்சின் அணைந்துவிடும், ஏனெனில் பொறி அணைந்துவிடும். பழைய டீசல் எஞ்சினில் அணைவதற்குப் பொறி இல்லை. எரிபொருளை நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்தால்தான் அடங்கும். அந்த எஞ்சினின் அதிர்வு மரக்கூட்டின் மூட்டுகளைத் தளர்த்தியது. சன்னல் கண்ணாடிகள் பயணம் முழுவதும் பேசிக்கொண்டே வந்தன. எஞ்சின் மாறிய சில ஆண்டுகளில் கூட்டையும் பிரித்துக் கட்ட வேண்டி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பின்னர் அடிச்சட்டத்தில் விரிசல் விழும், பற்றவைப்பார்கள். இப்படியாக ஒரு ஷெவர்லே, ஷெவர்லே என்ற பெயரோடேயே, படிப்படியாக வேறொன்றாகியது.

இங்கே தீசியசின் கப்பலை இழுத்து வருவது ஆய்வு மாணவர்களின் வழக்கம். அதைக் காட்டிலும் பொருத்தமான தேர் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. பாலி மொழியில் அமைந்த மிலிந்த பஞ்ஹாவில் நாகசேனர் என்ற பிக்கு கிரேக்க அரசன் மிலிந்தனிடம், அவன் ஏறி வந்த தேர் எது என்று கேட்கிறார். அச்சா, சக்கரமா, நுகமா, எல்லாம் சேர்ந்ததா, அவற்றுக்கு வெளியே உள்ள ஏதோ ஒன்றா? எதுவுமில்லை என்று அரசன் ஒப்புக்கொள்கிறான். ‘தேர்’ என்பது இவற்றைச் சார்ந்து வழங்கும் பெயர், அவ்வளவே. மொழியியல் மாணவர்களுக்கு இந்த உரையாடல் பிடிக்கும். பெயருக்கும் பொருளுக்குமான உறவைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகப் பேசியவர்கள் குறைவு.

நாகசேனர் வாதமாக வைத்ததை ஒரு தொழிற்சாலை முறையாகவே நடத்தியது. இலண்டனின் வடமேற்கில் இருந்த ஆல்டன்ஹம் பணிமனையில் நகரத்தின் பேருந்துகள் குறித்த காலத்துக்கு ஒருமுறை முழுமையாகப் பிரித்துச் சீரமைக்கப்பட்டன. உள்ளே வந்த ஆர்.டி. வகைப் பேருந்தின் மேற்கூட்டைத் தூக்கி ஒரு வழியே அனுப்புவார்கள், அடிச்சட்டத்தை வேறு வழியே அனுப்புவார்கள். கூட்டைச் சீர்செய்ய அடிச்சட்டத்தைவிட அதிக நாள் பிடிக்கும். எனவே, முடிந்த அடிச்சட்டம் தன் பழைய கூட்டுக்காகக் காத்திராமல் ஆயத்தமாக இருந்த வேறொரு கூட்டைச் சுமந்துகொண்டு வெளியேறும். கூடுகள் துல்லிய அச்சில் செய்யப்பட்டதால் எதுவும் எதன்மேலும் பொருந்தியது. எண்ணுக்கு என்ன ஆயிற்று? வரி கட்டிய உரிமம் வீணாகக் கூடாது என்பதற்காக, அன்று உள்ளே வந்த பேருந்தின் எண் அன்று வெளியே செல்லும் பேருந்துக்கு மாற்றப்பட்டது. உடலும் வேறு, அடியும் வேறு, எஞ்சினும் வேறு. பெயர் மட்டும் இடைவிடாது சாலையில் இருந்தது. கணக்கர்களுக்கு இதில் எந்தத் தத்துவச் சிக்கலும் தோன்றவில்லை.

உலகின் மிகப் புகழ்பெற்ற பழைய பேருந்தும் இந்த மரபில் வந்ததே. ஏ.இ.சி. நிறுவனமும் பார்க் ராயல் நிறுவனமும் இலண்டன் போக்குவரத்துக் கழகத்தோடு சேர்ந்து உருவாக்கிய ரூட்மாஸ்டர் 1954இல் காட்சிக்கு வந்தது, 1956 பிப்ரவரியில் சாலைக்கு வந்தது. 1968 வரை 2,876 வண்டிகள் செய்யப்பட்டன. அதற்குத் தனி அடிச்சட்டமே கிடையாது; அலுமினியக் கூடே எடையைத் தாங்கியது. முன்பக்கம் எஞ்சினைச் சுமக்கும் சட்டமும் பின்பக்கம் அச்சைச் சுமக்கும் சட்டமும் தனித்தனியே கழற்றி மாட்டத்தக்கவை. பெரும்பாலானவற்றில் 9.6 லிட்டர் ஏ.இ.சி. எஞ்சின், சிலவற்றில் லேலண்ட் எஞ்சின். 1979இல் ஏ.இ.சி.யின் சவுத்தால் ஆலை மூடப்பட்டது. 1986இல் ஆல்டன்ஹமும் மூடப்பட்டது. பேருந்துகளோ ஓய்வு பெற மறுத்தன. 1990களின் தொடக்கத்தில் நூற்றுக்கணக்கான ரூட்மாஸ்டர்களுக்குக் கம்மின்ஸ், இவெக்கோ எஞ்சின்கள் பொருத்தப்பட்டன. 2000க்குப் பிறகு சிலவற்றுக்கு மீண்டும் புதிய கம்மின்ஸ் எஞ்சினும் தானியங்கிக் கியர் பெட்டியும் வந்தன. 2005 டிசம்பர் 9 அன்று வழக்கமான தடத்தில் கடைசி ரூட்மாஸ்டர் ஓடியபோது நகரமே திரண்டு வழியனுப்பியது. எஞ்சின் மாறியவற்றின் ஓசை பழைய ஓசை அன்று என்று ஆர்வலர்கள் குறைபட்டுக்கொண்டது உண்டு. அந்தக் குறையை நான் இகழ மாட்டேன்; ஓசையும் வரலாற்றுச் சான்றுதான். ஆனால் அந்த எஞ்சின்கள் மாறியிராவிட்டால் 2005இல் வழியனுப்ப எந்த வண்டியும் இருந்திருக்காது.

மீண்டும் இந்தியா. எஞ்சின் மாற்றம் என்பது ஒரு முதலாளியின் சிக்கனக் கணக்கு என்ற நிலையிலிருந்து ஒரு நகரத்தின் அரசியலாக மாறிய இடம் தில்லி. எம்.சி. மேத்தா 1985இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998 ஜூலை 28 அன்று பிறப்பித்த ஆணை, பூரே லால் தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரைகளைத் தழுவியது. எட்டு ஆண்டுக்கு மேற்பட்ட பேருந்துகள் 2000 ஏப்ரல் 1க்குப் பின் அழுத்த இயற்கை எரிவாயுவிலோ வேறு தூய எரிபொருளிலோ மட்டுமே ஓட வேண்டும். 2001 மார்ச் 31க்குள் நகரப் பேருந்துகள் அனைத்தும் அழுத்த இயற்கை எரிவாயுவுக்கு மாறிவிட வேண்டும்.

பேருந்து உரிமையாளர் முன் மூன்று வழிகள் இருந்தன. எரிவாயுப் பேருந்தைப் புதிதாக வாங்கலாம். பழைய வண்டியில் டீசல் எஞ்சினை இறக்கிப் புதிய எரிவாயு எஞ்சினை ஏற்றலாம். அல்லது இருக்கும் டீசல் எஞ்சினையே எரிவாயுவுக்கு ஏற்ப மாற்றலாம். மூன்றாவதே மலிவானது, மூன்றாவதே சிக்கலானது. எரிவாயு தானாகப் பற்றிக்கொள்ளாது, பொறி வேண்டும். எனவே டீசலைப் பீய்ச்சும் துளை இருந்த இடத்தில் பொறிச்செருகி அமர்ந்தது. அழுத்த விகிதத்தைக் குறைக்க உந்துதண்டின் தலை கடையப்பட்டது. உயவுத் தன்மையற்ற எரிவாயு வால்வுகளின் இருக்கையைத் தேய்க்கும் என்பதால் அதுவும் மாறியது. ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தத்தில் வாயுவை அடைத்த உருளைகளை வண்டி சுமந்தது. ஐம்பதுகளில் பணிமனைகள் பொறிச்செருகியைக் கழற்றி எறிந்து பெட்ரோல் பேருந்தை டீசலாக்கின. ஐம்பது ஆண்டு கழித்து அதே பொறிச்செருகி நீதிமன்ற ஆணையோடு திரும்பி வந்தது.

2001 ஏப்ரலின் முதல் நாட்களில் தில்லியில் பேருந்துக்குக் காத்திருந்தவர்களுக்கு இந்த முரண்நகையை இரசிக்கும் மனநிலை இருந்திருக்காது. பேருந்துகள் சாலையில் குறைந்தன, பள்ளிக்கும் வேலைக்கும் செல்வோர் தவித்தனர். கெடு செப்டம்பர் வரையும், பின்னர் 2002 ஜனவரி வரையும் நீட்டிக்கப்பட்டது. எரிவாயு நிரப்பும் நிலையங்கள் போதாமல் வண்டிகள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றன. அவசரமாக மாற்றப்பட்ட சில பேருந்துகளில் கசிவும் தீ விபத்தும் நேர்ந்தன. 2002 ஏப்ரல் 5 அன்று நீதிமன்றம் கடுமை காட்டியது: டீசலில் ஓடும் பேருந்துக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் தண்டம், முப்பது நாள் கழிந்தால் 1,000 ரூபாய். அவ்வாண்டு டிசம்பரில் தில்லியின் கடைசி டீசல் நகரப் பேருந்தும் விடைபெற்றது.

இந்த வரலாறு பெரும்பாலும் இரண்டு குரல்களில் சொல்லப்படுகிறது. ஒன்று சுற்றுச்சூழல் வெற்றியின் குரல், மற்றொன்று நீதித்துறையின் எல்லைமீறலைக் குறித்த குரல். இரண்டிலும் நியாயம் உண்டு; காற்றில் கலந்த கரும்புகை குறைந்தது உண்மை, அந்தச் செலவின் சுமை எல்லோர்மேலும் சமமாக விழவில்லை என்பதும் உண்மை. இரண்டு குரலிலும் இல்லாதவர் எஞ்சினைக் கழற்றிய தொழிலாளி. சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான எஞ்சின்களின் இயல்பையே மாற்றிய அந்தக் கைகள், அதற்கு முன் தாம் அறிந்திராத அழுத்தத்தில் அடைபட்ட வாயுவைக் கையாளக் கற்றன. தீர்ப்புகளை இணையத்தில் படிக்கலாம், குழு அறிக்கைகளையும் படிக்கலாம். இடைத்தட்டைக் கடைந்தவரின் குறிப்பேட்டை எங்கே படிப்பது? இறக்கப்பட்ட டீசல் எஞ்சினும் உடனே இறந்துவிடுவதில்லை. நம் கடற்கரைகளில் பழைய லேலண்ட் எஞ்சின்கள் விசைப்படகை இழுக்கும் கதையை மீனவர்களிடம் கேட்கலாம்.

இத்தனைக்கும், சட்டம் எஞ்சின் மாற்றத்தை அறியாதது அன்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதைப் பேசுகிறது. வாகனத்தை விருப்பம்போல் மாற்றக் கூடாது. எஞ்சினை மாற்றினால் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துப் பதிவுச் சான்றில் திருத்தம் பெற வேண்டும். அந்தச் சான்றில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அடிச்சட்டத்தில் பொறித்தது, மற்றொன்று எஞ்சினில் பொறித்தது. முன்னது நிலைக்கும், பின்னது மாறும். ஆக, ஓடும் வண்டியைப் பொறுத்தவரை நம் சட்டம் நாகசேனரைவிடச் சற்றே நம்பிக்கையுள்ளது: அடிச்சட்டம் என்ற ஓர் ஆன்மா உண்டு, எஞ்சின் அது மாற்றிக்கொள்ளும் உறுப்பு. பழம்பெருமை வாகனத்துக்கு வரும்போது மட்டும் அதே சட்ட மரபு எஞ்சினையும் ஆன்மாவில் சேர்த்துவிடுகிறது. ஓடும்வரை அனுமதிக்கப்பட்ட மாற்றம், ஓய்வு பெற்றபின் களங்கமாகிறது.

இந்த முரண்பாட்டின் வேர் ‘அசல்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது என நினைக்கிறேன். அரபியில் வேர், அடிமூலம் என்று பொருள்படும் சொல் பாரசீகம், உருது வழியே நம்மிடம் வந்தது. தமிழில் அதற்கு இரண்டு எதிர்ச்சொற்கள் அமைந்தன. அசலுக்கு எதிர் நகல். இது ஆவணங்களின் உலகம். அசலுக்கு எதிர் வட்டி. இது கடனின் உலகம். முதலாவதில் அசல் ஒன்றே உண்மை, மற்றது போலி. இரண்டாவதில் வட்டி போலி அன்று. காலம் செல்லச் செல்ல அசலின்மேல் ஏறுவது, கணக்கில் சேர்த்தே தீர வேண்டியது. அமைச்சகத்தின் விதி பேருந்தை முதல் பொருளில் படிக்கிறது. பணிமனைகள் எப்போதும் இரண்டாம் பொருளில்தான் படித்து வந்திருக்கின்றன.

2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளும் இதில் அடங்கும். எஞ்சினை இறக்கி ஏற்றிப் பேருந்தை முப்பது, நாற்பது ஆண்டு ஓட்டிய காலம் இதோடு முடிகிறது. பாதுகாப்பையும் புகையையும் எண்ணினால் இதை எதிர்க்க எனக்கு வலுவான காரணம் இல்லை. மும்பையில் அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று கடைசி டீசல் ஈரடுக்குப் பேருந்து ஓய்வு பெற்றது. அதற்கு முன்பே மின்சார ஈரடுக்குகள் தெருவில் இறங்கிவிட்டன. அடுத்து, பழைய கூட்டுக்குள் மின்மோட்டாரை வைக்கும் முயற்சிகள் பெருகும். அப்போது கழற்ற வேண்டியது எஞ்சின் மட்டும் அன்று. கியர் பெட்டி, ஆரவி, புகைக்குழாய், எரிபொருள் தொட்டி எல்லாமே வெளியேறும். அந்த வண்டியையும் பழைய பேருந்து என்றே நாம் அழைப்போம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்குமுன் அதில் என்னென்ன இருந்தன என்பது எங்காவது எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

எழுதியவை மிகக் குறைவு. வண்டி கழிக்கப்படும்போது பதிவுச் சான்றும் ஒப்படைக்கப்பட்டுவிடுகிறது. பணிமனைப் பேரேடுகள் இடம் மாறும்போது பழைய தாள் விலைக்குப் போகின்றன. உங்கள் குடும்பத்தில் பேருந்து முதலாளியோ ஓட்டுநரோ பொறிப்பணியாளரோ இருந்து, எஞ்சின் எண் அடித்துத் திருத்தப்பட்ட பழைய பதிவுப் புத்தகம், எஞ்சின் வாங்கிய இரசீது, கடைசல் பட்டறைக் கணக்கு, முகப்பைத் திறந்து வைத்து எடுத்த ஒரு புகைப்படம் ஆகியவற்றில் ஏதேனும் வீட்டில் இருந்தால், தூக்கி எறியாதீர்கள். படம் எடுத்து, ஊரையும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதையும் குறித்து எனக்கு அனுப்பி வையுங்கள். வண்டியின் பெயரோ தடமோ நினைவிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.